கொப்பளத்துக்குள் இருந்த நீர் ஏன் கட்டிபட்டது?

நீங்கள் கேட்டதை முதலில் என்னுடைய சொல்லில் ஒருக்கால் சொல்லிவிடுகிறேன், பிழையாக விளங்கிக்கொண்டு பதில் எழுதக்கூடாது. சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி தெறித்து உங்கள் ஏழு வயது மகளின் முன்கையில் பட்டிருக்கிறது. உடனே பைப்புத் தண்ணீரில் கையைப் பிடித்திருக்கிறீர்கள், கிளினிக்கில் மருந்து கட்டியிருக்கிறார்கள். மறுநாள் இரவு கட்டு நனைந்திருக்க அவிழ்த்துப் பார்த்தால், கொப்பளம் உடைந்து வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் வந்திருக்கிறது. அடியில் அரைவேக்காட்டு முட்டை வெள்ளைக்கரு மாதிரிக் கூழாக ஒன்று ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் உங்கள் மச்சான் "அது இரத்தத்தில இருக்கிற புரதம்" என்று சொல்ல, மாமியோ "முட்டைச் சத்துத்தான் வெளியால வருது, பிள்ளைக்கு முட்டை குடுக்காதை" என்கிறா. ஒரு துளி இரத்தமும் வராமல், குழாயும் உடையாமல், குருதியிலுள்ள புரதம் மட்டும் எப்படித் தோலுக்குள் வந்தது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. அது சிதலா (சீழா), முட்டையை நிறுத்துவதா என்பவை அதற்குப் பின்னால் வருபவை.

பின்னால் வந்தவற்றுக்கு முதலில் பதில். தெளிந்த மஞ்சள் நீரும் அந்தக் கூழும் சிதல் அல்ல. முட்டையை நிறுத்தவேண்டாம், கொடுங்கள். மச்சான் சொன்னது சரி.

நான் முப்பது வருடத்துக்குக் கிட்ட இங்கே யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவருக்கு உடற்றொழிலியல் படிப்பித்தவன். காயம் பார்த்து மருந்து கட்டும் வைத்தியன் அல்ல. ஆகவே உங்கள் மகளின் கையைப் பற்றி நான் சொல்வதைவிட, கட்டு மாற்றும் தாதியும் டொக்டரும் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் பெரிது. ஆனால் குழாய்ச் சுவருக்கூடாக எது போகும், எது போகாது என்பது நான் வருடக்கணக்காகக் கரும்பலகையில் கீறிய விஷயம். அதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்குள்ளேயே ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது: சாதாரணமாகப் புரதம் குருதிக் குழாய்க்குள்ளேயே அடைபட்டு இருக்கிறது, காயம் பட்டால்தான் வெளியே வருகிறது என்று. பாடசாலைப் புத்தகம் அப்படித்தான் மனத்தில் பதியவைக்கிறது. அது முழு உண்மை அல்ல. குருதியிலுள்ள செங்குழியம், வெண்குழியம் எல்லாவற்றையும் நீக்கினால் மிஞ்சும் மஞ்சள் திரவம் பிளாஸ்மா. அதில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 70 கிராம் புரதம் கரைந்திருக்கிறது, அதில் பாதிக்கு மேல் அல்புமின். நல்ல சுகதேகியாக இருக்கும்போதும் இந்த அல்புமினில் மணிக்கு ஏறத்தாழ 5 வீதம், மிக மெல்லிய குருதிக் குழாய்களான மயிர்த்துளைக்குழாய்களின் சுவரைத் தாண்டி இழையங்களுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் பார்த்தால், குருதியிலுள்ள அல்புமின் முழுவதற்கும் ஈடான அளவு வெளியே போய், நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றி, கழுத்தடியில் பெரிய நாளத்துக்குள் திரும்பி வந்து சேர்கிறது. உடம்பிலுள்ள மொத்த அல்புமினில் பாதிக்கு மேல் எந்த நேரமும் குழாய்க்கு வெளியேதான் நிற்கிறது. அதில் கணிசமான பங்கு தோலில். ஆக, உங்கள் மகளின் மற்றக் கையில், கஞ்சி படாத தோலுக்குள்ளும் இப்போது குருதிப் புரதம் இருக்கிறது.

அப்படியென்றால் சுட்ட கையில் என்ன புதிது? அளவும் பருமனும். சுகமான தோலில் உள்ள இழையப் பாய்பொருளில் அல்புமின் குருதியில் உள்ளதன் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை இருக்கும். மூலக்கூறு பெரிதாகப் பெரிதாக இந்த விகிதம் இறங்கும். அல்புமினின் மூலக்கூற்றுத் திணிவு 66,000 அளவு. இரத்தத்தை உறையவைக்கும் பைபிரினோஜன் 3,40,000, நீண்ட தடி போன்ற வடிவம். ஐஜீஎம் என்ற பெரிய பிறபொருளெதிரி 9 இலட்சத்துக்கும் மேல். சின்னது தாராளமாகப் போகும், பெரியது நெருக்கிப்பட்டுக் கொஞ்சம்தான் போகும். அழற்சியில், அதாவது சூடோ காயமோ கிருமியோ பட்ட இடம் சிவந்து வீங்கும் நிலையில், இந்த வேற்றுமை குறைந்துபோகிறது. சின்னதும் பெரியதும் கிட்டத்தட்டப் பிளாஸ்மாவில் இருக்கும் விகிதத்திலேயே வெளியே வரத் தொடங்கும். நீங்கள் பார்த்த கூழ் அதற்குக் கண்கண்ட சாட்சி. அல்புமின் மட்டும் வந்திருந்தால் நீர் நீராகவே இருந்திருக்கும். பைபிரினோஜனும் கூட வந்து, குழாய்க்கு வெளியே பைபிரின் நூலாகி, வலையாகப் பின்னிக் கட்டிபட்டதால்தான் வெள்ளைக்கரு மாதிரித் தெரிந்தது. செங்குழியம் அகப்படாத இரத்தக்கட்டி என்று சொன்னாலும் பிழையில்லை.

இனி, உடையாத குழாயிலிருந்து அது எப்படி வந்தது என்பதற்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கிடுகு வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். கிடுகும் கிடுகும் ஒன்றோடொன்று தொட்டுக் கட்டியிருக்கும். காற்றும் வெளிச்சமும் இடையால் போகும், கோழி போகாது. யாராவது இரண்டு கிடுகின் ஓரத்தை விலக்கி ஒரு பொட்டு வைத்துவிட்டால் கோழியும் போகும், நாயும் போகும். வேலி விழவில்லை, ஒரு கதிகாலும் முறியவில்லை, ஆனால் வழி திறந்துவிட்டது. சின்னக் குருதிக் குழாயின் சுவரும் இப்படித்தான். உட்பக்கம் முழுக்க அகவணிக் கலங்கள் என்ற மெல்லிய தட்டைக் கலங்கள் ஓரத்தோடு ஓரம் ஒட்டிப் பரப்பியிருக்கும். ஓரங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கட்டுக்கயிறு வீஈ-கட்ஹெரின் என்ற புரதம். அழற்சி தொடங்கியதும் இந்தக் கட்டு தளர்கிறது, கலமும் தன்னைத் தானே சுருக்கிக்கொள்கிறது, ஓரங்கள் விலகிப் பொட்டு விழுகிறது. வேலி உவமை இதோடு சரி. ஏனென்றால் இது உயிருள்ள வேலி, பொட்டைத் திரும்பத் தானே மூடிக்கொள்ளும்.

இதைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. முதலாம் வருட மாணவருக்கு நான் செய்வித்த செய்முறை ஒன்று இருக்கிறது. முன்கையின் உட்பக்கத்தில் அடிமட்டத்தின் மழுங்கிய மூலையால் தோல் கிழியாமல் அழுத்தி ஒரு கோடு இழுக்கவேண்டும். சில செக்கன்களில் கோடு சிவக்கும். பிறகு கோட்டுக்கு வெளியே ஒழுங்கில்லாமல் ஒரு சிவப்புப் பரவும். எங்கள் தோல் நிறத்தில் அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, மற்றக் கையின் புறங்கையை வைத்துச் சூட்டைத்தான் உணரவேண்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்குப் பிறகுதான் நான் காத்திருந்த விஷயம் நடக்கும். ரோச் லைற்றைப் பக்கவாட்டில் தோலோடு சாய்த்துப் பிடித்தால், சிவந்த கோடு மெல்ல எழும்பி வரம்பு போல நிழல் விழுத்தும். உச்சி கொஞ்சம் வெளிறியிருக்கும், உள்ளே சேர்ந்த நீர் குழாய்களை நெருக்குவதால். எல்லாருக்கும் ஒரே அளவில் எழும்பாது, சிலருக்குக் கயிறு வைத்தது போலத் தடித்துவிடும். லண்டனில் தோமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் 1927இல் விவரித்த மும்முனைத் துலங்கல் இதுதான். ஹிஸ்டமின் (ஒவ்வாமையிலும் அழற்சியிலும் கலங்கள் வெளிவிடும் இரசாயனம்) போன்ற ஒரு பொருள் தோலிலிருந்தே வெளிப்பட்டு இதைச் செய்கிறது என்று அவர் அன்றே சொன்னார். மாரி காலத்தில் முருங்கை மரத்து மயிர்க்கொட்டி தோளில் விழுந்து, சொறியச் சொறியத் தடித்து எழும்புவதை அனுபவிக்காத வீடு இங்கே குறைவு. அந்தத் தடிப்பும் இதே வழியால் வந்த பிளாஸ்மாதான்.

பொட்டு எந்த இடத்தில் விழுகிறது என்பது நெடுநாள் பிழையாக விளங்கப்பட்டிருந்தது. மிக மெல்லிய குழாய் மயிர்த்துளைக்குழாய், ஆகவே கசிவும் அங்கேதான் என்று எல்லாரும் எண்ணினார்கள். 1961இல் மையினோ, பலாடே என்ற ஆய்வாளர்கள் எலிக்குக் கறுப்பு நிற நுண்துகளை நாளத்தில் ஏற்றி, ஒரு சின்ன இடத்தில் மட்டும் ஹிஸ்டமினைக் குத்திப் பார்த்தார்கள். மயிர்த்துளைக்குழாய்கள் சுத்தமாக இருந்தன. அவை ஒன்றுசேர்ந்து உருவாகும் அடுத்த பருமன் குழாய், புன்னாளம், அதன் சுவர்தான் கறுத்திருந்தது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது இரண்டு அகவணிக் கலங்களுக்கு இடையில் பொட்டு, அதனூடே வந்த துகள் பின்னால் இருக்கும் அடிமென்சவ்வில் தடுபட்டுக் குவிந்து நின்றது. பொட்டின் அகலம் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவு. அல்புமினின் குறுக்களவு ஏழு நனோமீற்றர் அளவு என்பதால் அதற்கு அது படலை திறந்தது மாதிரி. ஏழெட்டு மைக்ரோமீற்றர் அகலமான செங்குழியத்துக்கு அது போதாது, பின்னால் அடிமென்சவ்வும் மறிக்கிறது. ஒரு துளி இரத்தமும் வராமல் மஞ்சள் நீர் மட்டும் வந்ததன் காரணம் இதுதான்.

திறந்த வழி மட்டும் போதாது, தள்ளுவதற்கு ஒரு விசையும் வேண்டும். அழற்சியில், குருதியைக் கொண்டுவரும் சிறு குழாய்களான புன்னாடிகள் விரிந்து, குருதி கூடுதலாகப் பாய்ந்து, பொட்டு விழுந்த புன்னாளத்துக்குள் அமுக்கம் கூடுகிறது. மறுபக்கம், நீரைக் குழாய்க்குள் பிடித்துவைக்கும் இழுவிசை குறைகிறது. குருதிப் புரதத்தின் பிரசாரண இழுவைதான் நீரைக் குழாய்க்குள் வைத்திருக்கிறது என்று 1896இல் ஏர்னஸ்ற் ஸ்ராலிங் என்ற ஆங்கில உடற்றொழிலியலாளர் காட்டினார். அமுக்கக் கணக்கில் அது ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் இரசம். புரதம் வெளியே வந்து தோலுக்குள் நின்றுவிட்டால், அதே இழுவை வெளிப்பக்கம் இருந்து வேலை செய்யத் தொடங்கும். வீக்கம் நிலைத்து நிற்பதற்குப் பாதிக் காரணம் இது.

சூடு பட்ட தோலில் மூன்றாவதாக ஒரு விசையும் உண்டு, என் மாணவர்களை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது அதுதான். சுட்ட இடம் இரண்டு மூன்று நிமிடத்திலேயே ஏன் அவ்வளவு வேகமாக ஊதுகிறது என்பதற்குக் கசிவு மட்டும் கணக்குக் காட்டவில்லை. நோர்வேயின் பேர்கன் நகரத்து ஆய்வாளர்கள் 1988இல் எலித் தோலில் அளந்து பார்த்தார்கள். சாதாரணத் தோலுக்குள் அமுக்கம் வெளி வளியைவிட ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இரசம் மட்டும் குறைவு. சுட்ட சில நிமிடங்களில் அது பல பத்து மில்லிமீற்றர் கீழே இறங்கியிருந்தது. அதாவது தோல் தானே பிளாஸ்மாவை உறிஞ்சி இழுக்கிறது. தோலுக்கடியில் உள்ள இழையம், பிழிந்து பிடித்த ஸ்பொஞ்ச் மாதிரி, நீரை உறிஞ்சி ஊதத் துடிக்கும் ஒரு கூழ். அதை ஊதவிடாமல் கொலாஜன் நார்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன, அந்த நார்களைச் சுற்றியுள்ள கலங்கள் பிடித்திருக்கின்றன. சூட்டில் பிடி விட்டுப்போனால், கை விட்ட ஸ்பொஞ்ச் உறிஞ்சுவது போல உறிஞ்சும். சூடு பட்டவுடன் நீங்கள் ஓடும் தண்ணீரில் கையைப் பிடித்தீர்களே, அது வெறும் எரிவுக்கான ஆறுதல் அல்ல. தோலுக்குள் தங்கிநின்ற சூடு மேலும் இழையத்தை வேகவைப்பதை அது நிறுத்தியது. இருபது நிமிடம் வரை பிடிப்பது நல்லது. பற்பசை, வெண்ணெய், சாம்பல் எதுவும் பூசாமல் நேரே கிளினிக்குக்குக் கொண்டுபோனதும் சரி.

ஹிஸ்டமின்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஹிஸ்டமின் திறந்த பொட்டு அரை மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் மூடிவிடும். மயிர்க்கொட்டித் தடிப்பு, ஹிஸ்டமினைத் தடுக்கும் பிரிற்றன் குளிசைக்கு அடங்குவதும் அதனால்தான். சூட்டுக் காயத்தின் வீக்கம் அதற்கு அடங்காது. அங்கே சூட்டால் நேரே கெட்ட குழாய்கள் மணிக்கணக்காகக் கசிகின்றன, பின்னர் வரும் வெண்குழியங்களும் வேறு பொருட்களும் கசிவை நீட்டுகின்றன. வெயிலில் வெந்த தோல் பின்னேரம்தான் சிவந்து வீங்கத் தொடங்குவதும் இந்தப் பிந்திய வகை. இதில் ஒரு வளையமும் உண்டு. கசிந்து வரும் புரதங்களில் ஒன்று கினினோஜன். அது வெளியே வந்ததும் வெட்டுப்பட்டு பிராடிகினின் ஆகிறது. பிராடிகினின் பொட்டை மேலும் அகட்டுகிறது, மேலும் புரதம் வருகிறது. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிரஷருக்கு எனலாப்ரில் குளிசை போடும் பெரியவர்களில் சிலருக்கு, உடம்பு பிராடிகினினைச் சிதைப்பது தடைப்படுவதால், கடியும் தடிப்பும் இல்லாமல் உதடும் நாக்கும் திடீரென்று வீங்கும். அது பிரிற்றனுக்குக் கேட்காது. வீட்டில் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடவேண்டும், மூச்சுப் பாதை அடைபடலாம்.

இவ்வளவு புரதத்தை உடம்பு வீணாக வெளியே விடுகிறதா என்று நீங்கள் கேட்கலாம். வீண் இல்லை. பொட்டு திறக்கும்போது உள்ளே வருபவை வெறும் அல்புமின் அல்ல. கிருமியைப் பிடிக்கும் பிறபொருளெதிரி வருகிறது. கிருமியின் மேல் ஒட்டி வெண்குழியத்துக்கு அடையாளம் காட்டும் நிரப்பிப் புரதங்கள் வருகின்றன. பைபிரின் வலை காயத்தை மூடுகிறது, கிருமி பரவாமல் வளைக்கிறது, புதுக் கலங்கள் பிடித்து ஊர்ந்து வரக் கொடியாகவும் நிற்கிறது. அந்த வலையின் பெறுமதி கிருமிகளுக்கும் தெரியும். தோலுக்குள் வேகமாகப் பரவும் ஸ்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமி அதைக் கரையவைக்க ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. மாரடைப்பு வந்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்க ஏற்றும் ஸ்ரெப்டோகைனேஸ் அதிலிருந்து எடுத்ததுதான். ஆகவே கட்டு மாற்றும்போது அந்தக் கூழைச் சுரண்டி எடுக்கவேண்டும் என்று வீட்டில் முனையாதீர்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்பதைத் தாதி பார்த்துக்கொள்ளட்டும்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் என்று பிரித்துச் சொல்வது என் கடமை. ஹிஸ்டமினுக்குப் புன்னாளத்தில் பொட்டு விழும் என்பதும், அழற்சியில் பெரிய புரதங்களும் வெளியே வரும் என்பதும், நிணநீர் அவற்றைத் திருப்பிக் கொண்டுபோகும் என்பதும் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டு நிலைத்தவை. சுகமான குழாயில் அல்புமின் எந்த வழியால் போகிறது என்பது அப்படி அல்ல. கலத்துக்குள்ளே சின்னச் சின்னக் குமிழ்களில் ஏறிப் படகுப் பயணம் போல அக்கரை சேர்கிறது என்று ஒரு கட்சி, கலங்களுக்கிடையில் மிக அரிதாக இருக்கும் பெரிய துளைகளால் போகிறது என்று இன்னொரு கட்சி. 2001இல் அந்தக் குமிழ்களை உருவாக்கும் கவியோலின் என்ற புரதம் இல்லாத எலிகளை வளர்த்தார்கள். குமிழ் இல்லையென்றால் அல்புமின் போகாது என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம், அவற்றில் கசிவு கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த எலிகளில் வேறு பல மாற்றங்களும் இருந்ததால் வழக்கு முடிந்துவிடவில்லை. அழற்சியிலும் பொட்டு எப்போதும் இரண்டு கலங்களுக்கு இடையில்தானா, சில வேளை ஒரே கலத்தின் உடம்புக்கூடாகவே துளை விழுகிறதா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. நான் இடைவெளிக் கட்சியின் பக்கம் சாய்பவன், ஆனால் மற்றப் பக்கத்துப் படங்களையும் மாணவருக்குக் காட்டித்தான் படிப்பித்தேன்.

அளவுகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மனிதத் தோலின் இழையப் பாய்பொருளை எடுத்துப் பார்ப்பது இலகு அல்ல, ஊசி போட்டு உறிஞ்சினால் வராது. 1960களில் பின்லாந்தில் கீஸ்தலா என்ற ஆய்வாளர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். தோலின் மேல் சின்னக் கிண்ணத்தை வைத்து மெதுவாக வெற்றிடம் ஆக்கினால் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் மேற்றோல் பிரிந்து தெளிந்த நீருடன் கொப்பளம் எழும்பும். பெரிய புரதம் குறைவாகவும் சின்னப் புரதம் கூடுதலாகவும் இருக்கிறது என்ற கணக்கில் பெரும்பங்கு இந்த நீரில் அளந்து வந்தது. ஆனால் வெற்றிடம் வைத்து இழுப்பதே தோலுக்கு ஒரு வருத்தம். நேரம் நீளும்போது அழற்சியும் சேர்ந்துவிடும், கொப்பளத்தில் கிடக்கும் புரதத்தை வெட்டும் நொதியங்களும் இருக்கும். ஆகவே கொப்பளத்து நீரில் ஒரு புரதம் இவ்வளவு இருந்தது என்றால், தோலுக்குள்ளும் சரியாக அவ்வளவு இருந்தது என்று எழுதுவது அவசரம். உங்கள் மகளின் கொப்பளத்து நீரை மச்சான் ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்க விரும்பினால் பார்க்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் அந்த இலக்கத்தை வைத்துக் காயம் ஆறுமா ஆறாதா என்று யாரும் சொல்லமுடியாது. நெஞ்சறைக்குள் சேரும் நீருக்குப் புரத அளவை வைத்து எழுதப்பட்ட விதிகள் உண்டு, அவை கொப்பளத்துக்குப் பொருந்தா.

இனி முட்டை. மாமி சொன்னதன் அடியில் இரண்டு விஷயம் சேர்ந்து கிடக்கிறது. ஒன்று, காயம் இருக்கும்போது கத்தரிக்காய், தக்காளி, இறால், முட்டை எல்லாம் கிரந்தி என்று விலக்கும் எங்கள் வழக்கம். மற்றது, வெள்ளைக்கரு போல வந்ததால் அது முட்டையில் இருந்து வந்தது என்ற கணிப்பு. இரண்டாவதை நான் மறுக்கவேண்டும். குருதி அல்புமினும் முட்டை அல்புமினும் பெயரில்தான் ஒன்று, ஆக்கத்தில் வேறு வேறு புரதங்கள். சாப்பிட்ட முட்டை குடலில் சிறு துண்டுகளாகச் சமித்துத்தான் உள்ளே போகிறது. குருதி அல்புமினை ஈரல் புதிதாகச் செய்கிறது, வளர்ந்தவரில் நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் அளவில். அதைச் செய்ய மூலப்பொருள் வேண்டும், முட்டை அதற்கு நல்ல மூலப்பொருள். முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் அது வேறு கதை, அது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். மாமியின் அக்கறையைக் குறை சொல்லவில்லை, பிள்ளைக்காகத்தான் சொல்லியிருக்கிறா. அவவுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்: கொப்பளத்தில் ஐந்து மில்லிலீற்றர் நீர் வந்தது என்றால் அதில் போன புரதம் ஏறத்தாழ கால் கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. உடம்பில் புரதம் இறங்கிவிடும் என்ற பயம் இந்த அளவுக் காயத்துக்குத் தேவையில்லை.

பெரிய காயத்துக்குத் தேவை. பிள்ளையின் உள்ளங்கை விரல்களோடு சேர்ந்து அவளுடைய உடம்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ ஒரு வீதம். அப்படிப் பத்துக் கை அளவுக்குச் சூடு பட்ட பிள்ளையில் கசியும் பிளாஸ்மா குருதியோட்டத்தையே குறைத்துவிடும். அதனால்தான் அப்படியான பிள்ளைகளை வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் வார்ட்டில் வைத்துச் சேலைன் ஏற்றுகிறார்கள். இதே கசிவின் இன்னொரு முகத்தை மாரி மழைக்குப் பிறகு வரும் டெங்குக் காலத்தில் இந்த ஊர் நன்றாக அறியும். எல்லாரும் பிளேற்லெற் எண்ணிக்கையையே கேட்பார்கள். வார்ட்டில் டொக்டர்கள் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது பிளாஸ்மாக் கசிவை. அது காய்ச்சல் இறங்கும் நாட்களில் 24 முதல் 48 மணித்தியாலம் நடக்கும், தோலுக்குள் அல்ல, நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும். அங்கே புன்னாளத்தில் தெளிவான பொட்டைக் காட்டுவது கடினமாக இருக்கிறது. குழாயின் உட்பக்கத்தில் பூசியிருக்கும் மெல்லிய வெல்லக் கூழ்ப் படையை வைரசின் ஒரு புரதம் அரித்துவிடுகிறது என்பதற்குச் சான்றுகள் சேர்ந்து வருகின்றன. வேலி அதே, திறக்கும் விதம் வேறு.

உங்கள் கடைசி வரியில், இன்று காலை விரல்கள் முழுக்க வீங்கியிருக்கின்றன, கஞ்சி விரலில் படவே இல்லையே என்று எழுதியிருந்தீர்கள். முன்கையில் கசிந்த பிளாஸ்மா தோலுக்கடியில் தாழ்வான பக்கம் இறங்கும், கையைத் தொங்கவிட்டு நித்திரை கொண்டால் விரல் வீங்கும். பொட்டுகள் மூடினாலும் வெளியே வந்த புரதம் குழாய்க்குள் நேரே திரும்பமுடியாது, நிணநீர்க் குழாய்தான் அதைக் கொண்டுபோகவேண்டும், அதற்கு நாட்கள் எடுக்கும். நிணநீருக்கு இதயம் போல ஒரு பெரிய பம்பி இல்லை, குழாய்ச் சுவரின் சிறு துடிப்பும் தசை அசைவும்தான் அதைத் தள்ளுகின்றன. ஆகவே படுக்கும்போது கையைத் தலையணை மேல் நெஞ்சுக்கு உயரமாக வையுங்கள். பகலில் விரல்களை மடக்கி நீட்டி விளையாடவிடுங்கள், வளையல் மோதிரம் இருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள். கட்டு விரலை இறுக்கி, நுனி வெளிறினாலோ விறைத்தாலோ உடனே காட்டுங்கள். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போட்டாயிற்றா என்று கிளினிக்கில் கேளுங்கள். இனி வரும் நாட்களில் நீர் கலங்கி, மணம் வந்து, நோ குறைவதற்குப் பதிலாகக் கூடி, சிவப்புக் காயத்தின் ஓரத்தைத் தாண்டி ஊர்ந்தால், அல்லது காய்ச்சல் அடித்தால், அப்போது அது நான் மேலே சொன்ன வெறும் பிளாஸ்மா அல்ல, அன்றைக்கே டொக்டரிடம் கொண்டுபோங்கள். அப்படி எதுவும் இல்லாமல் நீர் குறைந்து கூழ் காய்ந்து தேன் நிறத்தில் பொருக்காகினால், அந்தப் பொருக்கு தானே கழரும்வரை உரிக்காமல் விடுங்கள். அடியில் புதுத் தோல் ஊர்ந்து வந்துகொண்டிருக்கும்.